ஸ்கேலும் காம்பஸும் வச்சு செங்குத்துக்கோடு போடுறது எப்படி (நாலு ராத்திரி திணறுனவ எழுதுறேன்)

எம் பொண்ணு ஒம்பதாவது படிக்கிறா. ஒரு நாள் ராத்திரி செங்கோட்டு மையம் வரையணும்னு உக்காந்தா. முக்கோணத்தோட ஒவ்வொரு முனையில இருந்தும் எதிர்ப்பக்கத்துக்கு செங்குத்தா இறக்குற மூணு குத்துக்கோடும் ஒரே புள்ளியில வந்து சேரணும்ல, இவ போட்டதுல மூணும் மூணு பக்கம் போயி நடுவுல குட்டியா ஒரு முக்கோணம் விழுந்து நின்னுச்சு. அழிச்சா, திரும்பப் போட்டா, திரும்ப அதே முக்கோணம், கடைசியில பேப்பரே ஓட்டையாயிருச்சு, "அம்மா நீங்க தெனமும் செங்கோணம் போடுறீங்கல்ல, வந்து சொல்லிக் குடுங்க"ன்னா. நான் வீட்டுல தையல் மிஷின் வச்சிருக்கேன், எல் ஸ்கேல் வச்சு ஒரு நாளைக்கு இருபது தடவையாவது செங்கோணம் மார்க் பண்றவ, ஆனா காம்பஸ கையில எடுத்ததும் ஒண்ணும் ஓடல. பத்தாவதுல இத மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்ததோட சரி.

நாலு ராத்திரி ஆச்சு பிடிபட. பிடிபட்டப்புறம் இதுக்கா இவ்வளவு பாடுன்னு இருந்துச்சு. ஒம்பதாவது, பத்தாவது பிள்ளைங்க, அவங்களுக்கு சொல்லிக் குடுக்க உக்கார்ற அம்மா அப்பா, தனியா பரீட்ச எழுதுறவங்க யாரா இருந்தாலும் ஒரு சாயங்காலத்துல முடிச்சுரலாம். நான் கீழ குடுக்கிற அளவையே வச்சு போடுங்க, ஏன்னு போகப் போக தெரியும்.

1. மொதல்ல என்னென்ன வேணும், எவ்வளவு ஆகும்

வீட்டுல இருக்குற காம்பஸ எடுத்து திருகு டைட்டா இருக்கான்னு பாருங்க. எங்க நாலு ராத்திரியில ரெண்டு ராத்திரி போனது இந்த திருகாலதான். மொதல் வில் அஞ்சு செமீல போடுறோம், ரெண்டாவது வில் போடுறதுக்குள்ள கால் தானா விரிஞ்சு அஞ்சேகால் ஆயிருது, நமக்கு கண்ணுக்கே தெரியாது. டெஸ்ட் பண்ண சுலபமான வழி: அஞ்சு செமீ விரிச்சு ஒரு முழு வட்டம் போடுங்க, ஆரம்பிச்ச இடத்துலயே கோடு வந்து சேந்தா நல்ல காம்பஸ், சேரலைன்னா கண்ணாடி ரிப்பேர் பண்ற குட்டி ஸ்க்ரூ டிரைவர் வச்சு முறுக்குங்க. அப்பவும் சேரலைன்னா வேற வாங்குங்க. நான் மொதல்ல நாப்பது ரூவாய்க்கு ஒண்ணு வாங்கி அது ரெண்டே நாள்ல ஆடிருச்சு, அப்புறம் நூத்தி முப்பதுக்கு இன்னொண்ணு வாங்குனேன், ஆக மொத்தம் நூத்தி எழுபது. அரசுப் பள்ளியில குடுக்குற இலவச ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்குற காம்பஸே போதும், திருகு மட்டும் பாத்துக்கோங்க.

பென்சில் விஷயம் ரெண்டாவது. காம்பஸ்ல மாட்டுறது குட்டிப் பென்சிலா இருக்கணும், நீளப் பென்சில மாட்டுனா மேல் கனம் இழுத்து சாயும். முள்ளு முனையும் பென்சில் முனையும் காம்பஸ மூடி வைக்கும்போது ஒரே மட்டத்துல நிக்கணும். கூர் முக்கியம், மழுங்குன பென்சில் போடுற கோடே ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும், அதுல எங்க வெட்டுதுன்னு எப்படி கண்டுபிடிப்பீங்க.

ஸ்கேல் 15 செமீ போதும், 30 இருந்தா நல்லது. சைபர் கோடு ஓரத்துலயே ஆரம்பிக்காது, கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கும், ஓரத்துல இருந்து அளந்துராதீங்க. பேப்பருக்கு அடியில பழைய நோட்டு ஒண்ணு வைங்க. வெறும் டேபிள் மேல வச்சா முள்ளு வழுக்கி ஓடும்.

2. துணிய மடிக்கிற மாதிரி நினைச்சுக்கோங்க

இத விட்டுட்டுப் போகாதீங்க, மத்ததெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு.

ஒரு பேப்பர்ல ரெண்டு புள்ளி வைங்க, பேனாவுல நல்லா அழுத்தி. இப்ப ஒரு புள்ளி இன்னொரு புள்ளி மேல உக்கார்ற மாதிரி பேப்பர மடிங்க, லைட்டுக்கு நேரா பிடிச்சா தெரியும். மடிப்ப நகத்தால அழுத்திட்டு பிரிங்க. அந்த மடிப்புக் கோடு ரெண்டு புள்ளிக்கும் நட்ட நடுவுல போகும், ரெண்டையும் சேக்குற கோட்டுக்கு செங்குத்தாவும் இருக்கும். நான் ப்ளவுஸ் பீஸ கரையோட கரை சேத்து மடிக்கிறப்ப விழுற மடிப்பு இதேதான், பதினஞ்சு வருஷமா மடிக்கிறேன், இதுதான் மையக்குத்துக்கோடுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல.

மடிப்பு மேல எந்த இடத்துல நின்னாலும் ரெண்டு புள்ளிக்கும் தூரம் ஒண்ணுதான். காம்பஸ் செய்யிற வேலை அதுதான், பேப்பர மடிக்காம அந்த மடிப்பு மேல இருக்குற ரெண்டு இடத்த கண்டுபிடிச்சுக் குடுக்குது. ரெண்டு இடம் தெரிஞ்சா ஸ்கேல் வச்சு கோடு போட்டுரலாம்ல. புக்குல தனித்தனியா மூணு நாலு முறை குடுத்திருப்பாங்க, எல்லாமே இந்த ஒண்ணுதான். நாம கேக்க வேண்டியது ஒரே கேள்வி: மடிக்கிறதுக்கு அந்த ரெண்டு புள்ளி எங்க?

3. மையக்குத்துக்கோடு: ரெண்டு புள்ளியையும் அவங்களே குடுத்துருவாங்க

ஏ-பி 8 செமீ கோடு போடுங்க. காம்பஸ 5 செமீ விரிங்க. ஏல முள்ள வச்சு மேல ஒரு வில், கீழ ஒரு வில். காம்பஸ தொடாம, மூடாம, அப்படியே தூக்கி பில வச்சு மேல ஒண்ணு கீழ ஒண்ணு. ரெண்டு இடத்துல வெட்டும், அத சேத்தா முடிஞ்சுச்சு.

இப்ப ஸ்கேல் வச்சு செக் பண்ணுங்க. மேல வெட்டுன இடம் கோட்டுல இருந்து சரியா 3 செமீ, கீழயும் 3 செமீ, மொத்தம் 6. ஏன்னா பாதிக்கோடு 4, காம்பஸ் 5, அப்ப மிச்சப் பக்கம் 3. பித்தாகரஸ் தேற்றம்தான், படிச்சிருப்பீங்க. இந்த 3, 4, 5 இந்தக் கட்டுரை முழுக்க கூடவே வரும், அதனாலதான் என் அளவையே போடச் சொன்னேன், வாத்தியார் இல்லாமயே நீங்களே திருத்திக்கலாம்.

பொறி எங்க இருக்குன்னா, பாதிக்கு மேல விரிக்கணும்னு புக்குல இருக்கும், எம் பொண்ணு பாதிக்கு ஒரு நூல் மேல விரிப்பா. 8 செமீக்கு 4.1 விரிச்சா வில்லு வெட்டும்தான், ஆனா வெட்டுற ரெண்டு இடமும் கோட்டுக்கு ஒட்டி ஒட்டி 1.8 செமீ இடைவெளியில வந்து நிக்கும். வில்லு ரெண்டும் உரசிக்கிட்டுப் போற மாதிரி இருக்கும், எந்த இடத்துல வெட்டுதுன்னே தெரியாது. அதுல அரை மில்லிமீட்டர் தப்பா குறிச்சா கோடு ஒன்றரை டிகிரிக்கு மேல சாஞ்சுரும், 8 செமீ தூரம் நீட்டுனா ரெண்டு மில்லிமீட்டர் விலகிப் போகும். அந்தக் குட்டி முக்கோணம் வந்தது இப்படித்தான். அதே கோட்டுக்கு 6 விரிச்சுப் போடுங்க, வெட்டுற இடம் ரெண்டும் கிட்டத்தட்ட 9 செமீ தள்ளி நிக்கும், அரை மில்லிமீட்டர் தப்பு ஒண்ணுமில்லாமப் போயிரும். முக்காவாசிக்கு விரிச்சுப் பழகுங்க.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. பேப்பரோட அடியில கோடு இருந்து கீழ வில் போட எடமே இல்லைன்னா பயப்படாதீங்க. மேலயே 5 வச்சு ஒரு வெட்டு, 7 வச்சு இன்னொரு வெட்டு போட்டு ரெண்டையும் சேங்க. ரெண்டுமே மடிப்பு மேலதான இருக்கு. ஏலயும் பிலயும் ஒரே அளவு இருக்கணுங்கிறதுதான் சட்டம், மேலயும் கீழயும் ஒரே அளவு இருக்கணும்னு இல்ல.

4. கோட்டு மேல இருக்குற புள்ளியில செங்குத்து

கோடு போட்டு நடுவுல கேன்னு ஒரு புள்ளி வைங்க. இங்க மடிக்க ரெண்டு புள்ளி இல்ல, நாமளே செஞ்சுக்கணும். கேல முள்ள வச்சு 3 செமீ விரிச்சு இடப்பக்கம் ஒரு வெட்டு, வலப்பக்கம் ஒரு வெட்டு. கிடைச்சுச்சா ரெண்டு புள்ளி? இப்ப காம்பஸ 5க்கு விரிச்சு அந்த ரெண்டுல இருந்தும் மேல வில் போடுங்க, வெட்டுற இடத்தயும் கேயையும் சேங்க. கே ஏற்கெனவே மடிப்பு மேலதான் இருக்கு, அதனால ஒரு வெட்டு போதும். செக்: கேல இருந்து வெட்டு வரைக்கும் 4 செமீ.

இங்க நடக்குற தப்பு ஒண்ணே ஒண்ணு, 3ல இருந்து 5க்கு மாத்த மறந்துட்டு அதே 3லயே மேல போடப் பாப்பாங்க. ரெண்டு வில்லும் கேலயே வந்து முட்டும், அப்புறம் "வெட்டவே மாட்டேங்குதும்மா"ன்னு குரல் வரும்.

எங்க கொழுந்தனார் கொத்தனார் வேலை பாக்குறாரு. அன்னிக்கு வீட்டுக்கு வந்தவரு இவ நோட்டப் பாத்துட்டு, "அண்ணி இது நாங்க மூலைமட்டம் பிடிக்கிறதுல்ல"ன்னாரு. அஸ்திவாரத்துக்கு மூலை எடுக்கும்போது ஒரு பக்கம் கயிறு கட்டி மூணு அடியில ஒரு குறி, அடுத்த பக்கம் நாலு அடியில ஒரு குறி, குறுக்க டேப் பிடிச்சா அஞ்சு அடி வரணும், வரலைன்னா ஆணியப் பிடுங்கி கயித்த நகத்துவாங்களாம். பெரிய கட்டடம்னா 6, 8, 10. அவருக்கு காம்பஸ் தெரியாது, எனக்கு கயிறு தெரியாது, எம் பொண்ணுதான் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தா.

5. வெளிய இருக்குற புள்ளியில இருந்து செங்குத்து இறக்குறது

முக்கோணத்துல குத்துக்கோடு வரைய இதுதான் வேணும், அதனால நிதானமா.

கோட்டுக்கு மேல 4 செமீ உயரத்துல கே. கேல முள்ள வச்சு 5 செமீ விரிச்சு கோட்டை ரெண்டு இடத்துல வெட்டுங்க. அந்த ரெண்டுதான் நமக்கு வேண்டிய புள்ளி. அதே 5லயே, மாத்தவே வேண்டாம், அந்த ரெண்டு வெட்டுல இருந்தும் கீழ வில் போடுங்க. கீழ வெட்டுன இடத்தயும் கேயையும் சேங்க. செக்: கோட்டுல விழுந்த ரெண்டு வெட்டுக்கும் இடைவெளி 6 செமீ, கீழ வெட்டு கோட்டுல இருந்து 4 செமீ. கேயோட நிழல் தண்ணியில விழுந்த மாதிரி நேர் கீழ நிக்கும்.

கோட்டை வெட்டலைன்னா காம்பஸ் விரிவு பத்தலன்னு அர்த்தம். ஒரு பக்கம் வெட்டி இன்னொரு பக்கம் வெட்டலைன்னா கோடுதான் நீளம் பத்தல, ஸ்கேல் வச்சு புள்ளிக்கோடா நீட்டுங்க. நீட்டலாமான்னு கேக்கவே வேண்டாம், நீட்டலாம்.

6. கோட்டோட முனையில செங்குத்து, நீட்டவும் எடமில்ல

மார்ஜின ஒட்டி கோடு ஆரம்பிச்சா இந்தச் சிக்கல் வரும். முனை கே. கேல முள்ள வச்சு 4 செமீல பெரிய வில் ஒண்ணு, கோட்டுல ஆரம்பிச்சு தலைக்கு மேல தாண்டிப் போற மாதிரி. கோட்டை வெட்டுன இடத்துல முள்ள வச்சு அதே 4ல வில்லு மேல ஒரு வெட்டு, அது 60 டிகிரி. அங்க முள்ள வச்சு இன்னொரு வெட்டு, அது 120. இப்ப அந்த 60, 120 ரெண்டுதான் நம்ம ரெண்டு புள்ளி, அதே 4ல ரெண்டுல இருந்தும் மேல வில் போட்டா வெட்டும், கேயோட சேங்க. 60க்கும் 120க்கும் நடுவுல மடிச்சா 90தான. செக்: கேல இருந்து அந்த வெட்டு 6.9 செமீ. இதுலயும் காம்பஸ ஒரு தடவை கூட மாத்த வேண்டாம்.

7. முக்கோணத்துல போட்டுப் பாக்குறது

அடிப்பக்கம் 6, மத்த ரெண்டு பக்கமும் 5, 5. இந்த முக்கோணத்த வரைங்க. உச்சியில இருந்து அடிப்பக்கத்துக்கு ஒரு குத்துக்கோடு, அடி முனையில இருந்து எதிர்ப்பக்கத்துக்கு ஒண்ணு. ரெண்டும் சேர்ற இடம்தான் செங்கோட்டு மையம், அடிப்பக்கத்துல இருந்து 2.25 செமீ உயரத்துல வரணும். ஸ்கேல்ல 2.2க்கும் 2.3க்கும் நடுவுல இருந்தா பாஸ். மையம் கண்டுபிடிக்க ரெண்டு குத்துக்கோடு போதும், மூணாவது நீங்க போட்டது சரியான்னு பாக்கத்தான். அது வேற பக்கம் போனா மூணாவத மட்டும் வளைச்சு சேத்து வைக்காதீங்க (எம் பொண்ணு செஞ்சா, மிஸ் கண்டுபிடிச்சுட்டாங்க), மூணுல ஏதோ ஒண்ணு தப்பு.

அதே முக்கோணத்துல ரெண்டு பக்கத்துக்கு மையக்குத்துக்கோடு போட்டா அது சுற்றுவட்ட மையம், அடிப்பக்கத்துல இருந்து 0.9 செமீ கிட்ட வரும். அங்க முள்ள வச்சு ஒரு முனை வரைக்கும் விரிச்சு வட்டம் போட்டா மூணு முனையும் தொடணும், ஆரம் 3.1 செமீ கிட்ட. இது ரெண்டையும் பிள்ளைங்க போட்டுக் குழப்பிக்குவாங்க: குத்துக்கோடு முனையில இருந்து கிளம்பும், மையக்குத்துக்கோடு பக்கத்தோட நடுவுல இருந்து கிளம்பும், அதுக்கு முனையைப் பத்தி கவலையே இல்ல.

விரிகோண முக்கோணம் குடுத்தா செங்கோட்டு மையம் முக்கோணத்துக்கு வெளிய போயிரும், பக்கத்த நீட்டித்தான் ஆகணும். தப்பாப் போட்டுட்டோமோன்னு பதறி அழிச்சுராதீங்க, அது அப்படித்தான். செங்கோண முக்கோணம்னா செங்கோணம் இருக்குற முனையேதான் மையம். 6, 8, 10 போட்டுப் பாருங்க, சுற்றுவட்ட மையம் 10 செமீ பக்கத்தோட நட்ட நடுவுல, ஆரம் 5.

8. பத்தாவதுக்காரங்களுக்கு

தொடுகோடு (வட்டத்த ஒரே ஒரு புள்ளியில மட்டும் தொட்டுட்டுப் போற கோடு) வரையிறதுலயும் இதே மடிப்புதான். ஓ மையமா 3 செமீ ஆரத்துல வட்டம், ஓல இருந்து 5 செமீ தள்ளி கே. ஓ-கேக்கு மையக்குத்துக்கோடு போட்டு நடுப்புள்ளி எடுங்க, ஸ்கேல்ல 2.5 அளந்து வச்சுராதீங்க, வில்லு காட்டணும். நடுப்புள்ளியில முள்ள வச்சு ஓ வரைக்கும் விரிச்சு வட்டம், அது பழைய வட்டத்த வெட்டுற ரெண்டு இடத்தயும் கேயோட சேங்க. ரெண்டு தொடுகோடும் 4 செமீ. பாத்தீங்களா, திரும்ப 3, 4, 5.

மாநில பாடத்திட்டத்துல பத்தாவது கணக்குல கடைசிப் பகுதி 8 மார்க் கேள்வி ரெண்டு, ஒண்ணு வடிவியல், இன்னொண்ணு வரைபடம், ரெண்டுலயும் இது அல்லது அதுன்னு சாய்ஸ் இருக்கும். அந்த வடிவியல் எட்டு மார்க்குலதான் நாம போடுற செங்குத்து எல்லாம் வரும்.

9. நோட்டுல, பரீட்சையில என்னென்ன இருக்கணும்

ஆபீஸ்ல ஒரு ஜெராக்ஸ் இல்லைன்னா அப்ளிகேஷன திருப்பி அனுப்புற மாதிரிதான் இதுவும், படம் மட்டும் சரியா இருந்தா பத்தாது. மொதல்ல உதவிப்படம், கையாலயே, அளவெல்லாம் எழுதி. அப்புறம் நிஜப் படம், பென்சில்ல. அப்புறம் வரைமுறை, பேனாவுல. வரைமுறைய பெருசா எழுத வேண்டாம், "ஏ, பி இவற்றை மையமாகக் கொண்டு சம ஆரமுள்ள விற்கள் வரைக" அப்படின்னு செஞ்ச வரிசையில நாலஞ்சு வரி. கேள்வியில நீளம் கேட்டிருந்தா அளந்து தனியா எழுதுங்க.

வில்லுங்கள அழிக்கவே கூடாது. படம் அழகா இருக்கட்டும்னு எம் பொண்ணு எல்லா வில்லையும் அழிச்சுட்டு குடுத்தா, மூலைமட்டம் (ஜாமெட்ரி பாக்ஸ்ல இருக்குற முக்கோண ஸ்கேல்) வச்சு போட்டியான்னு மிஸ் கேட்டாங்களாம். அதே மாதிரி மட்டத்த வச்சு கோடு போட்டுட்டு அப்புறம் வில்ல ஒப்புக்கு வரைஞ்சு விடுறதும் வேண்டாம், பாத்தாலே தெரிஞ்சுரும், வில்லு வெட்டுற இடம் ஒரு பக்கம் இருக்கும் கோடு ஒரு பக்கம் போகும்.

10. நேரக் கணக்கு

மொத நாள் மேல இருக்குற 3ஆவது பகுதியில இருந்து 6ஆவது பகுதி வரைக்கும் போட்டுப் பாக்க ஒரு மணி நேரம் ஆகும். அடுத்த நாள் அதே நாலும் இருபது நிமிஷம். ஒரு வாரத்துல ஒரு செங்குத்து ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்துரும், முழு செங்கோட்டு மையக் கேள்வி உதவிப்படம், வரைமுறையோட சேத்து பதினஞ்சு நிமிஷம். இருபதத் தாண்டுச்சுன்னா அநேகமா அழிச்சு அழிச்சுப் போடுறீங்க. அழிக்கிறதுக்குப் பதிலா தள்ளி புதுசா ஆரம்பிக்கிறது சீக்கிரம், அழிச்ச இடத்துல பேப்பர் நஞ்சு போயி முள்ளு நிக்காது.

பரீட்சைக்கு முந்துன நாள் ராத்திரி திருகு முறுக்கி, ரெண்டு குட்டிப் பென்சில் சீவி பாக்ஸ்ல போட்டுருங்க. முள்ளு முனையில அழிரப்பர் துண்டு ஒண்ணு குத்தி வைங்க, இல்லைன்னா பை கிழியும், எங்க வீட்டுல ரெண்டு பை தச்சாச்சு.